மதியத் தூக்கமும் மாலை எரிச்சலும்: டம்ளரிலும் தட்டிலும் பார்க்க வேண்டியவை

கேள்வியின் சுருக்கம் இது. முப்பதுகளின் நடுவில் வயது, உட்கார்ந்தே பார்க்கும் வேலை. எழுந்ததும் காபி, டிபன் பாதி நாள் கிடையாது. மதியம் சாப்பிட்டு முடித்ததும் கண் சொருகுகிறது. நான்கு மணிக்கு மேல் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழத் தோன்றுகிறது. அப்போது ஒரு காபி குடித்தால்தான் ஓடுகிறது. ராத்திரி பன்னிரண்டு வரை தூக்கம் வருவதில்லை. சர்க்கரை பார்த்தாகிவிட்டது, இல்லை. காரணம் மனசா, சாப்பாடா?

நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் அடுத்ததை இழுத்துக்கொண்டு வருகிறது. ராத்திரி தூக்கம் கெட்டால் காலையில் பசி எடுக்காது, காபிதான் இறங்கும். டிபன் இல்லாவிட்டால் மதியம் சோறு கூடும். சோறு கூடினால் தூக்கம் தள்ளும், அதை விரட்ட மாலைக் காபி. அந்தக் காபி ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். எங்கே வெட்டினாலும் இந்த வட்டம் தளரும். ஆனால் வெட்டுவதற்குச் சுலபமான இடம் மாலைக் காபி. அங்கேயே தொடங்குங்கள்.

நாம் விழித்திருக்கும் நேரம் முழுக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது மூளைச் செல்களில் தனக்கென உள்ள இடங்களில் (ஏற்பிகளில்) போய் ஒட்டும்போது தூக்கம் வருகிறது. காஃபின் முந்திக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்துவிடுகிறது, பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பதுபோல. களைப்பு அப்படியேதான் இருக்கிறது, தெரியாமல் மறைகிறது. காஃபின் இறங்கியதும் சேர்ந்து கிடந்ததெல்லாம் ஒன்றாக வந்து அழுத்தும். காலை 11 மணிக் காபிக்குப் பிறகு 3 மணிக்குத் தளர்வதில் இதற்கும் பங்கு உண்டு.

குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்கு உள்ளே போன 100 மில்லிகிராமில், ராத்திரி 10 மணிக்கு 50 மில்லிகிராம் இன்னும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். இது ஆளுக்கு ஆள் மாறும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் தங்கும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அதைவிடவும் அதிகம். சிகரெட் பிடிப்பவர்களுக்குச் சீக்கிரம் வெளியேறிவிடும். அதனால்தான் சிகரெட்டை விட்டவர் பழைய அளவிலேயே காபி குடித்துக்கொண்டிருந்தால் படபடப்பு வருகிறது. அவர் அதை சிகரெட்டை விட்டதால் வந்த படபடப்பு என்று நினைத்துக்கொள்வார். "எனக்கு காபி குடித்தாலும் தூக்கம் வரும்" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. தூக்கம் வரும், ஆனால் ஆழ்ந்த தூக்கத்தின் பங்கு குறையும். காலையில் எட்டு மணி நேரம் தூங்கியும் தூங்காதது போலவே இருக்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, 150 மில்லி டிக்காஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபின் இருக்கும், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நம் ஃபில்டர் காபியில் கணக்கு கொஞ்சம் சிக்கல். சிக்கரியில் காஃபின் கிடையாது, எனவே அறுபதுக்கு நாற்பது கலந்த தூளும் கலப்பில்லாத தூளும் ஒன்றல்ல. ரொபஸ்டா கொட்டையில் அராபிகாவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். முதல் டிக்காஷனில் ஏறுவதில் சிறு பகுதிதான் இரண்டாவதில் வரும். நாக்குக்குக் கசப்பாக இருப்பதை வைத்து அளவைச் சொல்ல முடியாது, சிக்கரியும் கசக்கும்.

பதினொரு மணிக்குப் படுப்பவர் என்றால் கடைசிக் காபியை மதியம் 2 மணிக்குள் முடித்துவிடுங்கள். நாளைக்கு நான்கைந்து டம்ளர் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும், ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கும். கூடவே எரிச்சல், மந்தம். விரத நாளில் வரும் தலைவலியைப் பட்டினியால் வந்தது என்பார்கள். பல பேருக்கு அது காபி இறங்காத தலைவலி. ஆபீஸில் 11 மணிக்குக் குடித்துப் பழகிவிட்டு ஞாயிற்றுக்கிழமை குடிக்காமல் விட்டாலும் அதேதான். மூன்று நாளைக்கு ஒரு அரை டம்ளர் வீதம் குறையுங்கள், மாலை டம்ளரிலிருந்து தொடங்குங்கள். மாலையில் கையில் சூடாக ஏதாவது வேண்டும் என்றால் சுக்கு, மல்லி, பனங்கருப்பட்டி போட்ட சுக்குக் காபி வீட்டில் போட்டுக் குடிக்கலாம். கடையில் கேட்டுக்கொண்டு குடியுங்கள், காபித்தூளும் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கிரீன் டீ, லெமன் டீ, பால் சேர்க்காத கட்டன் சாயா எல்லாவற்றிலும் காஃபின் உண்டு.

டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஏறக்குறைய 10 கிராம். நான்கு டம்ளருக்கு 40 கிராம். 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல் எல்லை 50 கிராம், முடிந்தால் 25. பிஸ்கட்டைத் தொடாமலேயே கணக்கு முடியப்போகிறது.

டிபனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காலையில் சாப்பிடாததால் மட்டும் எல்லோருக்கும் மனநிலை கெடுவதில்லை. உங்கள் விஷயத்தில் அது மதியச் சோற்றைக் கூட்டுகிறது, அதனால்தான் கவனிக்கச் சொல்கிறேன். நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் என்றால் புரதம் 8 கிராம் அளவுக்குத்தான் வரும். ஒரு முட்டையோ (6 கிராம்), ஒரு கிண்ணம் சுண்டலோ, கெட்டியான சாம்பாரோ சேர்ந்தால் பசி ஒன்றரை மணி வரை தாங்கும். ஒரு எச்சரிக்கை: கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் சர்க்கரை நோயாளிகள் டிபனைத் தவிர்க்கவே கூடாது. அவர்களுக்கு 11 மணிக்கு வரும் எரிச்சல், வியர்வை, கை நடுக்கம் எல்லாம் சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம்.

இனி மதியச் சாப்பாடு. 2 மணியிலிருந்து 4 மணி வரை ஒரு தளர்வு எல்லோருக்கும் உண்டு. உடம்பின் கடிகாரத்திலேயே உள்ளது அது, சாப்பிடாமல் இருந்தாலும் வரும். முந்தின ராத்திரி தூக்கம் குறைந்தால் ஆழமாக வரும், தட்டு கனத்தால் இன்னும் ஆழமாக வரும்.

சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று முறை சோறு போட்டால் 150 கிராம் அரிசி உள்ளே போய்விடும். அதில் மாவுச்சத்து மட்டும் 115 கிராமுக்கு மேல். கூட வருவது இரண்டு கரண்டி தண்ணிச் சாம்பார், அதில் பருப்பு 10 கிராம் தேறினால் அதிகம். அதாவது புரதம் 2 கிராம். ஒரு ஸ்பூன் பொரியல், ஒரு அப்பளம். ரத்தத்தில் சர்க்கரை வேகமாக ஏறும், இன்சுலின் அதை இறக்கும், சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் சாப்பாட்டுக்கு முன்னிருந்த அளவுக்கும் கீழே போய்விடும். நான்கு மணிப் பசியும் பஜ்ஜி வாசனைக்கு மனம் போவதும் எரிச்சலும் அந்த நேரத்தில் வருவது தற்செயல் அல்ல.

சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் ஆறு மணிக்குக் கிடைத்ததையெல்லாம் சாப்பிடுவீர்கள், பெரும்பாலோருக்கு அப்படித்தான் முடிகிறது. அரிசியை 60 முதல் 75 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். வெந்த சோறாக 175 முதல் 200 கிராம் வரும். ஒரு முறை தராசில் நிறுத்து, வீட்டில் எந்தக் கிண்ணத்தில் அது கொள்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் போதும், தினமும் நிறுக்க வேண்டாம். காய் அந்தச் சோற்றின் அளவுக்குச் சமமாக இருக்கட்டும். உருளைக்கிழங்கு வறுவல், சேப்பங்கிழங்கு ரோஸ்ட் காய்க் கணக்கில் சேராது, சோற்றுக் கணக்கு. புரதம் 15 முதல் 20 கிராம் வர வேண்டும். 30 கிராம் துவரம்பருப்பில் செய்த கெட்டிக் கூட்டில் 6 கிராம், 30 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் ஏறக்குறைய அதே அளவு, ஒரு கிண்ணம் தயிரில் 4 அல்லது 5. முட்டையோ மீனோ சாப்பிடுபவர்களுக்குச் சுலபம், 100 கிராம் மீனில் மட்டும் 20 கிராம் வந்துவிடும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாள் முழுவதுக்கும் வேண்டியது 50 கிராம். கிலோவுக்கு 0.83 கிராம் என்று கணக்கு.

சாப்பிடும் வரிசையை மாற்றினாலும் பலன் உண்டு. காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும் உயரம் குறைகிறது. சர்க்கரை நோயாளிகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வுகளில் இது தெளிவாகவே தெரிந்தது. நம் சாப்பாட்டில் எல்லாவற்றையும் பிசைந்து சாப்பிடுகிறோம், பிரிப்பது கஷ்டம் என்று தோன்றும். பொரியலில் பாதியையும் சுண்டலையும் சோறு போடுவதற்கு முன் வெறுமனே சாப்பிட்டுவிட்டால் போதும்.

சிறுதானியத்துக்கு மாறினால் எல்லாம் சரியாகும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 100 கிராம் சாமையிலோ வரகிலோ 65 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கிறது, அரிசியில் 78. நார்ச்சத்து கூடுதல்தான், நல்லதுதான். ஆனால் அளவைக் குறைக்காமல் மாறினால் வித்தியாசம் கொஞ்சம்தான். நைசாக அரைத்த கேழ்வரகு மாவில் காய்ச்சிய கஞ்சி சோற்றைப்போலவே வேகமாகச் சர்க்கரையை ஏற்றலாம். பச்சரிசியிலிருந்து புழுங்கலரிசிக்கு மாறுவது செலவில்லாத, பலர் கண்டுகொள்ளாத வழி. அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் தயமின் (வைட்டமின் பி1) அரிசிக்குள் இறங்குகிறது, சர்க்கரையும் மெதுவாக ஏறும்.

சாப்பிட்டதும் 10 முதல் 15 நிமிடம் நடங்கள். வேகம் தேவையில்லை. தசை அசையும்போது இன்சுலின் உதவி அதிகம் இல்லாமலேயே சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளும். வெயிலில் போக முடியாவிட்டால் ஆபீஸ் வராந்தா போதும். அதுவும் முடியாதென்றால் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு மூன்று நிமிடம். தூங்கியே ஆக வேண்டும் என்றால் 3 மணிக்குள், 20 நிமிடம் அலாரம் வைத்து. அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கிவிடுவீர்கள், எழுந்ததும் தலை கனத்து மந்தமாக இருக்கும், ராத்திரித் தூக்கமும் தள்ளிப் போகும்.

தண்ணீர்: உடம்பின் எடையில் 1 முதல் 2 சதவீதம் நீர் குறைந்தாலே கவனம் சிதறும், தலை வலிக்கும், சிடுசிடுப்பு வரும். 60 கிலோ ஆளுக்கு அது 600 மில்லியிலிருந்து 1.2 லிட்டர். ஏ.சி. அறையில் தாகம் எடுக்காததால் தெரியாமல் போகும். வேலை பார்க்கும் பெண்கள் பலர் கழிப்பறை சரியில்லாததால் வேண்டுமென்றே குடிக்காமல் இருக்கிறார்கள். இதற்கு உணவு ஆலோசனையில் பதில் இல்லை, நிர்வாகம்தான் பதில் சொல்ல வேண்டும். சிறுநீர் வைக்கோல் நிறத்தைவிட அடர்த்தியாக இருந்தால் போதவில்லை என்று அர்த்தம். மாத்திரை சாப்பிட்டும் நிறம் மாறும், பி காம்ப்ளெக்ஸ் போட்ட நாளில் பளிச்சென்று மஞ்சளாக இருப்பது கணக்கில்லை.

இரவு ஒன்பதரைக்குத் தோசையோ பரோட்டாவோ சாப்பிட்டு பதினொன்றுக்குப் படுத்தால் நெஞ்செரிச்சலோடு தூக்கமும் துண்டு துண்டாகும். இரவில் தூக்கத்துக்கான ஹார்மோனான மெலடோனின் சுரக்கத் தொடங்கியபின் இன்சுலின் சுரப்பு மந்தமாகும், எனவே அதே நான்கு தோசை காலையில் ஏற்றாத சர்க்கரையை இரவில் ஏற்றும். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால் முடிப்பது நல்லது. வேலை முடிந்து வீடு சேரவே ஒன்பது ஆகிறவர்கள் சாப்பாட்டை இரண்டாகப் பிரியுங்கள்: ஆறரை மணிக்குச் சுண்டலும் பழமும், அல்லது வேர்க்கடலை ஒரு கைப்பிடி, வீட்டுக்கு வந்ததும் இரண்டு இட்லி. மது குடித்தால் தூக்கம் வரும் என்பது முதல் பாதி ராத்திரிக்கு மட்டுமே உண்மை. பின்பாதியில் அடிக்கடி விழிப்பு வரும், அடுத்த நாள் மனம் சோர்ந்து கிடக்கும்.

காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 15, 20 நிமிடம் வெளிச்சத்தில் நில்லுங்கள், மொட்டை மாடியில் நின்று பல் தேய்த்தால்கூடச் சரி. உடம்பின் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது அந்த வெளிச்சம்தான். ஞாயிற்றுக்கிழமையும் ஏறக்குறைய அதே நேரத்தில் எழுங்கள்.

இவ்வளவு சொன்னபிறகும், தட்டை மாற்றிப் பயனில்லாத சில காரணங்கள் உண்டு. சர்க்கரை இல்லை என்று வந்தது நல்லது. ஆனால் களைப்புக்கும் எரிச்சலுக்கும் பார்க்க வேண்டிய பரிசோதனைகள் வேறு: முழு ரத்த எண்ணிக்கை, இரும்பின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் பி12, தைராய்டுக்கான டி.எஸ்.எச். இவற்றை முதல் வாரமே செய்துவிடுங்கள்.

2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் தமிழ்நாட்டில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழ், ஆண்களுக்கு 13க்குக் கீழ் என்றால் ரத்தசோகை. ஆனால் ஹீமோகுளோபின் 12.4 என்று வந்து, இரும்பின் கையிருப்பான ஃபெரிட்டின் 10இல் இருப்பவர்கள் நிறைய. அவர்களிடம் "எல்லாம் நார்மல்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்த நிலையிலேயே களைப்பு, முடி உதிர்வு, கவனக் குறைவு வரும். ஃபெரிட்டின் 15க்குக் கீழ் என்றால் குறைபாடு உறுதி, 30க்குக் கீழ் என்றாலே பல மருத்துவர்கள் சிகிச்சை தருகிறார்கள். காய்ச்சலோ வேறு அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும், அப்போது பார்க்க வேண்டாம்.

சாப்பிட்டவுடன் டீ குடிக்கும் வழக்கம் இங்கேதான் கெடுக்கிறது. டீயின் டானின்கள் கீரை, பருப்பு, தானியத்திலுள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உறிஞ்ச விடாது. காபியும் செய்யும், டீ அளவுக்கு அல்ல. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். முருங்கைக்கீரைக்கு மேல் அரை எலுமிச்சம்பழம் பிழிந்தால், அல்லது கூடவே ஒரு நெல்லிக்காய் கடித்தால் உறிஞ்சுவது கூடும். ஏற்கெனவே வந்துவிட்ட ரத்தசோகையைப் பேரீச்சம்பழத்தையும் வெல்லத்தையும் நம்பிச் சரிசெய்ய முடியாது, மாத்திரைதான். வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோடு. பால், டீ, கால்சியம் மாத்திரை இரண்டு மணி நேரம் தள்ளி. வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு மாத்திரை போட்டதும் இரும்பு உறிஞ்சுவதைத் தடுக்கும் ஹெப்சிடின் ஒரு நாள் வரை உயர்ந்திருப்பதால், இடைவெளி விட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உறிஞ்சுவது கூடுகிறது. மலம் கறுப்பது இயல்பு. எல்லோரும் செய்யும் தப்பு, ஹீமோகுளோபின் 12ஐத் தொட்டதும் நிறுத்துவது. கையிருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் வேண்டும். ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்பு குறைந்திருந்தால் எங்கே ரத்தம் கசிகிறது என்றும் தேட வேண்டும், மாத்திரையோடு விட்டுவிடக் கூடாது.

பி12 குறைந்தால் மறதி, சிடுசிடுப்பு, மனச்சோர்வு, வாய்ப்புண், பாதத்தில் மதமதப்பு வரும். ரத்தசோகை இல்லாமலும் வரும். சைவர்களுக்கும், வருடக்கணக்கில் சர்க்கரைக்கான மெட்ஃபார்மினோ வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டப்ரசோலோ எடுப்பவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். 200க்குக் கீழ் என்றால் குறைபாடு. சைவ உணவில் பாலும் தயிரும்தான் வழி, நாளைக்கு அரை லிட்டர் தேவைப்படும். ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்பு பயன்படுத்த முடியாத போலி பி12. பழைய சோறு வயிற்றுக்கு நல்லது, ஆனால் பி12க்கு அதை நம்பியிருக்க முடியாது. தைராய்டு பார்க்கப் போகும்போது, முடிக்காக பயோட்டின் மாத்திரை எடுப்பவராக இருந்தால் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டுப் போங்கள். சில கருவிகளில் அது முடிவையே மாற்றிவிடும்.

மனநிலையோடு தொடர்புடைய செரோடோனின் என்ற பொருளைப் பற்றி, "செரோடோனின் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது, அதனால் வாழைப்பழம் சாப்பிட்டால் மனம் மகிழும்" என்று சுற்றிவரும் செய்தியின் முதல் பாதி சரி. குடலில் உருவாகும் செரோடோனின் மூளைக்குள் போகாது, வாழைப்பழத்தில் இருப்பதும் போகாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. உணவால் மனச்சோர்வு குறையுமா என்பதற்கு உருப்படியான சான்று ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழு 2017இல் வெளியிட்ட சோதனை. மனச்சோர்வு நோய் உள்ள 67 பேரில் ஒரு பகுதியினருக்கு 12 வாரம் காய், பருப்பு, மீன், ஆலிவ் எண்ணெய் சார்ந்த உணவு ஆலோசனை, மற்றவர்களுக்குப் பேச்சுத்துணை மட்டும். உணவை மாற்றியவர்களில் 32 சதவீதம் பேர் நோய்நிலையிலிருந்து மீண்டார்கள், மற்றவர்களில் 8 சதவீதம். சிறிய ஆய்வு, தான் எந்தக் குழுவில் இருக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும், பலரும் மருந்தும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உணவு மருந்துக்குத் துணை நிற்கிறது என்பதுவரை இதை வைத்துச் சொல்லலாம்.

எல்லாவற்றையும் திங்கட்கிழமை ஒன்றாகத் தொடங்காதீர்கள். முதல் வாரம் மாலைக் காபி மட்டும். அந்த வாரம் எரிச்சல் கூடத்தான் செய்யும், அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். இரண்டாவது வாரம் மதியத் தட்டும் நடையும், மூன்றாவது வாரம் இரவுச் சாப்பாட்டு நேரம். நாளுக்கு ஒரு வரி குறித்து வையுங்கள்: கடைசிக் காபி எத்தனை மணிக்கு, மதியம் என்ன, படுத்தது எப்போது, நான்கு மணி மனநிலைக்கு ஐந்துக்கு எத்தனை. பெண்கள் மாதவிடாய்த் தேதியையும் குறியுங்கள். எரிச்சல் அதற்கு முந்தைய வாரத்தில் மட்டும் திரண்டு வந்தால் காபியைப் பழி சொல்லிப் பயனில்லை, அதற்குச் சிகிச்சை வேறு.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்தே இருந்தால், பிடித்தவற்றில்கூட ஈடுபாடு போய்விட்டால், வாழ்ந்து என்ன என்ற எண்ணம் ஒருமுறை வந்தால்கூட, இந்தப் பதிலை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. ஏற்கெனவே மனநல மருந்து எடுப்பவர்கள் காபியைக் குறைப்பதற்கு முன் தங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் எடுப்பவர் காபியைத் திடீரென்று நிறுத்தினால் ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறும். ஃபுளுவாக்சமின் என்ற மனநல மருந்து எடுப்பவருக்கு காஃபின் வெளியேறுவது பல மடங்கு மெதுவாகும், காலையில் குடித்த ஒரு டம்ளரே ராத்திரி வரை விழிக்க வைக்கும்.